மூலவரும் உற்சவரும்: சொந்த மைதானத்தின் கதை

விளையாட்டின் வரலாற்றை எழுதியோர் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு மைதானங்களைப் பற்றி எழுதியதில்லை. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் எத்தனை கோல் அடித்தார் என்ற கணக்கெல்லாம் நம்மிடம் உண்டு. அந்த ஆட்டம் ஏன் அந்த இடத்தில் நடந்தது, வேறிடத்தில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு மட்டும் எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆனால் விளையாட்டைப் பார்க்க வரும் மக்களுக்கு அதுவே முதற்கேள்வி. மைதானம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர்கள் பார்வையாளர் ஆகிறார்கள், அல்லது செய்தித்தாள் வாசகராக நின்றுவிடுகிறார்கள்.

ஓர் அணி ஓர் ஊரில் பிறக்கிறது. ஒரு கல்லூரியிலோ கழகத்திலோ வளர்கிறது. அதற்குப் பெயர் வந்ததும் ஒரு யோசனை எழும். பக்கத்துப் பெருநகரில் பெரிய அரங்கம் இருக்கிறது. ரயில் இருக்கிறது, விளக்கு வெளிச்சம் இருக்கிறது, பல மடங்கு இருக்கை இருக்கிறது. நம் ஆட்டத்தை ஏன் அங்கே ஆடக் கூடாது? கூடாது என்போருக்கும் நியாயம் உண்டு. மழையிலும் வெயிலிலும் சிறிய மைதானத்தின் ஓரத்தில் நின்று அணியைத் தாங்கியவர்கள் இந்த ஊரார்தாமே? கூட்டம் சேர்ந்தபின் அணி அவர்களை விட்டுப் போவது முறையா?

சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 42 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மணவாள நகரில் உள்ள நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. 1856ஆம் ஆண்டு ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடத் தொடங்கிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில்பாதை திருவள்ளூர் வழியாகத்தான் சென்றது. அன்றிலிருந்து பெரியதாக எதைப் பார்க்க வேண்டுமானாலும் ரயிலேறிப் பட்டணம் போவதே நம் பக்கத்து வழக்கம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

சேப்பாக்கம் யாருடைய வீடு?

1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் முதலில் தீவுத்திடலில் ஆடியது. 1865இல் சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டிய நிலத்துக்கு வந்தது. இன்று சென்னையின் சொந்த மைதானம் என்றால் எவரும் தயங்காமல் சேப்பாக்கம் என்பர். ஆயினும் நெடுங்காலம் அது சென்னைவாசிகளின் வீடாக இருக்கவில்லை. ஆங்கிலேயரின் வீடாகவே இருந்தது. அங்கு ஆடச் சென்ற இந்தியருக்குப் பெவிலியனுக்குள் இடமில்லை. மரத்தடியில் அமர்ந்தே உண்ண வேண்டியிருந்தது. 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியதற்கு இந்த அவமதிப்பும் ஒரு காரணமென்பர். இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் மாகாண ஆட்டத்துக்கு 1908இல் வித்திட்டவரும் அவரே. அவ்வாட்டம் பின்னர் பொங்கலை ஒட்டி நடப்பது வழக்கமாயிற்று.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கம் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைக் கண்டது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே அங்கேதான் தொடங்கி ஒரே நாளில் முடிந்தது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். இங்கிலாந்தின் இருபது விக்கெட்டுகளில் பன்னிரண்டை வினு மன்கட் வீழ்த்தினார். ஒரு மைதானம் ஒரு நாட்டின் வீடாவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அடுத்த நான்கே ஆண்டுகளில் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்தை விட்டுச் சென்றுவிட்டது. 1956 ஜனவரியில் நியூசிலாந்து வந்தபோது ஆட்டம் நடந்த இடம் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மாநகராட்சி அமைத்த அரங்கம் அது. சேப்பாக்கமோ ஒரு கிளப்பின் பொறுப்பிலிருந்த மைதானம். பெரிய ஆட்டம் வரும்போதெல்லாம் தற்காலிகப் படிகள் கட்டிப் பிரிக்க வேண்டிய இடம். பட்டணத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ரயிலடியை ஒட்டிய மாநகராட்சி அரங்கம் வசதி. பழைய ரசிகருக்கோ கடற்காற்றும் மரநிழலும் கொண்ட சேப்பாக்கமே மைதானம்.

புதிய இடத்தின் முதல் டெஸ்டிலேயே மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தனர். மன்கட் 231, ராய் 173. உலக சாதனையாக நின்ற அந்த எண் 2008 பிப்ரவரியில், வங்கதேசத்தின் சிட்டகாங்கில், தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 சேர்க்கும்வரை 52 ஆண்டுகள் அசையவில்லை. சேப்பாக்கத்தில் பன்னிரண்டு விக்கெட் எடுத்த அதே மன்கட்டே கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இரட்டைச் சதம் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. எந்த மைதானம் உயர்ந்தது என்று வாதிடுவோர் இருதரப்பாரும் ஒரே மனிதரைச் சாட்சிக்கு அழைக்கலாம்!

1956க்கும் 1965க்கும் இடையே அவ்வரங்கில் ஒன்பது டெஸ்டுகள் நடந்தன. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ஓட்டத்தில் வென்று, அந்நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா முடித்துவைத்தது இங்கேதான். இளைய பட்டோடி தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததும், சலீம் துரானி பத்து விக்கெட் எடுத்ததும் அந்த ஆட்டத்தில்தான். 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது டெஸ்ட் மீண்டும் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன் 94 ஓட்டம் எடுத்து நின்ற பரூக் இன்ஜினியரின் ஆட்டமே அந்த மீள்வருகைக்கு வரவேற்புரை. பின்னர் அங்கேயே நிலையான அரங்கமும் எழுந்தது, எம்.ஏ. சிதம்பரம் பெயரும் வந்தது.

இந்தப் பத்தாண்டு வனவாசம் நமக்குச் சொல்வதென்ன? தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1956, 1960, 1961, 1962, 1964, 1967 என்று டெஸ்ட் எங்கே நடந்தாலும் அது பெரும்பாலும் ஜனவரியில், பொங்கலை ஒட்டியே நடந்தது. இடம் மாறியது, காலம் பெரிதும் மாறவில்லை. சென்னை ரசிகரின் கிரிக்கெட் ஒரு முகவரியைவிட ஒரு பருவத்தோடு கட்டுண்டிருந்தது. கரும்பும் மஞ்சளும் வரும்போது டெஸ்டும் வர வேண்டும். அந்த வழக்கம் காக்கப்பட்டவரையில் மைதான மாற்றத்தை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

மைதானும் உப்பு ஏரியும்

கால்பந்தில் இவ்விவாதத்தை நெடுநாள் நடத்திய ஊர் கொல்கத்தா. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ‘மைதான்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் பெருந்திடலில் தனித்தனி இடமுண்டு. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது அந்தத் திடலில்தான். வெறுங்காலுடன் ஆடியவர்கள் பெற்ற அவ்வெற்றியை வங்காளம் இன்றும் கொண்டாடுகிறது.

அத்திடல் இராணுவத்தின் வசம் உள்ளது. நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே கழக மைதானங்கள் சிறியனவாகவே நின்றன. கூட்டமோ ஆண்டுதோறும் பெருகியது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் அச்சிறிய மைதானங்கள் போதவில்லை. ஆட்டம் ஈடன் கார்டன்ஸுக்குச் சென்றது. 1980 ஆகஸ்ட் 16 அன்று அங்கே இரு அணிகளின் ரசிகரிடையே எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை வீடு திரும்பாத பதினாறு குடும்பங்கள். ஆகஸ்ட் 16ஐ அந்நகரம் இன்றளவும் கால்பந்து அன்பர் நாளாக, இரத்ததானம் செய்து நினைவுகூர்கிறது.

சொந்த மைதானம் பற்றிய விவாதத்தில் உணர்ச்சிக்கு அப்பால் ஒரு கணக்கும் உண்டு என்பதை அந்த நாள் உணர்த்தியது. எத்தனை வாயில், எத்தனை படிக்கட்டு, எத்தனை பேர் என்ற கணக்கு அது. 1984 ஜனவரியில் நகரின் கிழக்கே சால்ட் லேக் பகுதியில் யுவபாரதி அரங்கம் திறக்கப்பட்டபோது ஏறக்குறைய 1,20,000 பேருக்கு அங்கு இடமிருந்தது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4–1 என வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். அன்று வந்த கூட்டம் 1,31,000க்கும் மேல் என்று பதிவாகியுள்ளது. திடலில் இருந்த எந்தக் கழக மைதானமும் அதில் கால்பங்குக் கூட்டத்தைக்கூடத் தாங்கியிராது.

எனினும் பழைய ரசிகரின் குறை தீரவில்லை. திடலில் அலுவலகம் முடிந்து நடந்தே ஆட்டத்துக்குச் செல்லலாம். எல்லைக்கோட்டருகே ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும். யுவபாரதியிலோ தடகள ஓடுபாதை குறுக்கே நிற்கும். ஆட்டம் எங்கோ தொலைவில் நடப்பதுபோல இருக்கும். அரங்கத்துக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 2020 பிப்ரவரியில்தான். அரங்கம் திறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்! பெரிய அரங்கைக் கட்டுவோர் முதலில் எண்ண வேண்டியது மக்கள் எப்படி வந்து எப்படித் திரும்புவார்கள் என்பதைத்தான். பெரும்பாலும் இறுதியில் எண்ணுவதும் அதையே. கொல்கத்தா கண்ட நடைமுறை வழி எளியது. பெரும் மோதல்கள் பெரிய அரங்கில்; உள்ளூர் லீக்கின் சிறிய ஆட்டங்கள் கழக மைதானங்களில். இரண்டையும் கைவிடவில்லை.

கல்லூரி வாசலில் நடக்கும் சமர்

கல்லூரி ஆட்டங்களுக்கு இங்கே தமிழ்நாட்டில் அத்தகைய கூட்டம் கூடுவதில்லை. அது கூடும் இடம் இலங்கை. கொழும்பில் ரோயல் கல்லூரிக்கும் பரி. தோமாவின் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி உலகின் பழைமையான பள்ளிப் போட்டிகளுள் ஒன்று. இரு கல்லூரிகளுக்கும் சொந்த மைதானம் உண்டு. 1918இல் முகத்துவாரத்திலிருந்து கல்கிசைக்கு இடம்பெயர்ந்த தோமாவின் கல்லூரியின் மைதானம் கடலையே பார்த்திருக்கிறது. ஆனால் ‘பிக் மேட்ச்’ நெடுங்காலமாக நடப்பது தலைநகரின் எஸ்.எஸ்.சி. மைதானத்தில். பழைய மாணவர் ஆயிரக்கணக்கில் கூடாரமிட்டு அமர, வாத்தியக் குழுக்கள் முழங்க, அது நகரத்தின் திருவிழாவாகிவிட்டது. இரு கல்லூரிகளுக்கும் பொதுவான இடம் என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சுண்டிக்குளி பரி. யோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் மாபெரும் சமர்’ 1904இல் தொடங்கியது. போர் பல ஆண்டுகளை விழுங்கியது. ஆயினும் மரபு அறுபடவில்லை. அச்சமர் நடப்பது மத்திய கல்லூரியின் சொந்த மைதானத்தில். கோட்டையும் பொதுநூலகமும் சூழ்ந்த அப்பகுதியில், அருகிலேயே துரையப்பா விளையாட்டரங்கம் இருக்கிறது. இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18 அன்று அது மீண்டும் திறக்கப்பட்டது. அப்படியோர் அரங்கம் பக்கத்தில் நிற்கையிலும் கிரிக்கெட் சமர் கல்லூரி வாசலை விட்டு நகரவில்லை. புலம்பெயர்ந்து பல நாடுகளிலிருந்து அந்த நாட்களில் ஊர் திரும்பும் பழைய மாணவர்கள் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை மட்டும் பார்க்க வருவதில்லை. தாம் ஓடித் திரிந்த மண்ணையும் பார்க்க வருகிறார்கள். இருக்கை எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டு அவ்வாட்டத்தை வேறிடத்துக்கு மாற்றினால் பாதி ஆட்டம் அங்கே வந்து சேராது.

இவ்விவாதம் மிகப் பெரிதாக நடந்த இடம் அமெரிக்கா. அங்கே கால்பந்து எனப்படுவது பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே எழுபதினாயிரம், எண்பதினாயிரம் பேர் கூடுவர். ஆர்கன்சா பல்கலைக்கழகம் ஃபேயட்வில் என்னும் சிற்றூரில், மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது. தலைநகர் லிட்டில் ராக் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு. 1948இல் தலைநகரில் போர் நினைவு அரங்கம் திறக்கப்பட்டதும் பல்கலைக்கழக அணி தன் ‘சொந்த’ ஆட்டங்களை இரு ஊருக்கும் பங்கிட்டு ஆடிவந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே அணி, ஆகவே மாநிலத்தின் நடுவிலும் ஆட வேண்டும் என்பது ஒரு தரப்பு. மாணவர் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் ஆட வேண்டும் என்பது மறுதரப்பு. 2001இல் ஃபேயட்வில் அரங்கம் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக விரிவாக்கப்பட்டபின் தராசு சாய்ந்தது. தலைநகருக்கு வரும் ஆட்டங்கள் ஆண்டுக்கு இரண்டு, ஒன்று எனச் சுருங்கி, பிறகு சில ஆண்டுக்கு ஒன்றாயின. இங்கே சிற்றூர் வென்றது, பெருநகர் இழந்தது. பெருநகரே எப்போதும் வெல்லும் என்ற நம் எண்ணத்துக்கு இது ஒரு மாற்றுச் சான்று.

பெயர் ஓர் ஊர், ஆட்டம் ஓர் ஊர்

நம் காலத்துக்கு வருவோம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இடித்துக் கட்டப்பட்டு 1993இல் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமாகக் கால்பந்துக்குத் திறந்தது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி.யின் சொந்த அரங்கம் அது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது, அவ்வணியின் சொந்த அரையிறுதி ஆட்டம் புனேயில் நடந்தது. டிசம்பர் 12 அன்று கொல்கத்தாவை 3–0 என வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் கோப்பையையும் வென்றார்கள். வெள்ளத்தில் வீடிழந்தோர் பலர் இருந்த ஊருக்கு, வீட்டைவிட்டு ஆடிய அணி கோப்பையுடன் திரும்பியது.

2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தை ஒட்டிச் சேப்பாக்கத்தின் ஐ.பி.எல். ஆட்டங்களும் அதே புனேக்குச் சென்றன. இரண்டாண்டுத் தடைக்குப்பின் திரும்பிய அணியின் ஆட்டம் சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10 அன்று ஒன்றோடு முடிந்தது. ரசிகருக்காகத் தனி ரயில் ஒன்று சென்னையிலிருந்து புனேக்குப் புறப்பட்டது. மைதானம் மக்களிடம் வர முடியாதபோது மக்கள் மைதானத்திடம் சென்றார்கள்.

இவற்றைவிட நம் விவாதத்துக்கு நெருக்கமானது சென்னை சிட்டி எஃப்.சி. 2017இல் ஐ-லீக்கில் நுழைந்த இவ்வணி முதல் பருவத்தைச் சென்னை நேரு அரங்கில் ஆடியது. அடுத்த பருவத்தில் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்குப் பெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி, லீக் பட்டத்தை வென்றபோது கோவை அரங்கம் அதிர்ந்தது. பெருநகரை விட்டு வந்த அணியை மற்றோர் ஊர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. எந்த ஊர் வந்து நிற்கிறதோ அதுவே சொந்த ஊர் என்பதை அந்த மாலை சொல்லியது.

நமக்கு என்ன?

திருவள்ளூர், மணவாள நகர், கும்மிடிப்பூண்டி என்று தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. மண்வாரி எந்திரங்களும் லான்சர் கார்களும் இங்கே செய்யப்பட்டிருக்கின்றன. ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்கள் கிடைத்த வெற்றிடத்தில் பந்தாடுகிறார்கள். அவர்களில் ஒருவன் நன்றாக ஆடினால் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றே: பட்டணத்துக்குப் போ. அவன் போகலாம்; போகவும் வேண்டும். ஆனால் அவன் ஆடக் கற்ற திடல் அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்பவர் குறைவு. திடல் இல்லாத ஊருக்குச் சொந்த ஆட்டமா, பெருநகர ஆட்டமா என்ற விவாதமே எழாது. எல்லாமே வெளியூர் ஆட்டம்தான். உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்க் கோயிலே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. வீரராகவப் பெருமாள் கோயிலில் பள்ளிகொண்ட மூலவர் அசைவதில்லை. உற்சவரோ வீதியுலா வருகிறார். வேண்டியவர் வாசலுக்கே செல்கிறார். மூலவர் நிலையாக இருப்பதால்தான் உற்சவரின் உலாவுக்குப் பொருள் உண்டு. அணியும் அப்படியே. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய ஆட்டங்கள் பெருநகர அரங்கில் நடக்கட்டும். தொலைவில் உள்ளவரும் காணட்டும். ஆனால் பயிற்சியும் சிறிய ஆட்டங்களும் இளையோர் ஆட்டங்களும் சொந்தத் திடலை விட்டு நீங்கலாகாது. கொல்கத்தா தட்டுத் தடுமாறிக் கண்ட வழியும், யாழ்ப்பாணம் இயல்பாகவே காத்த வழியும் இதுவே.

பெருநகருக்குச் செல்லாவிட்டால் கூட்டம் வராது என்போருக்கு ஒரு சொல். தை அமாவாசைக்கு முதல்நாள் இரவு திருவள்ளூர் ரயில்களில் வந்திறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். ஹிருத்தாபநாசினிக் குளக்கரையில் படுத்துறங்கி விடியலில் நீராடும் அந்த ஆயிரமாயிரம் பேரில் பலர் சென்னையிலிருந்து வருபவர்களே. வருவதற்கு ஒரு காரணமும், வந்தால் நிற்பதற்கு ஓர் இடமும் இருந்தால் பட்டணமும் சிற்றூருக்கு ரயிலேறி வரும்.